ஒரு பை நிறைய பூதங்கள்

ஒரு மேஜை. சுற்றி ஐந்து பேர். மேஜை மேல் காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. நான்கு பேர் வீரர்கள். ஐந்தாவது ஆசாமி கதைசொல்லி.

'பொட்டல்காடு. ஒரு ஈ, காக்கா இல்லை. திடீரென்று காலுக்குக் கீழே மண் அதிர்கிறது' என்கிறார் கதைசொல்லி. 'தூரத்தில் ஒரு மண்மேடு. அது நகர்கிறது. உங்களை நோக்கி.'

'ஓடு' என்கிறார் ஒருவர். 'நின்று அடிப்போம்' என்கிறார் இன்னொருவர். பகடை உருள்கிறது. தப்பான எண் விழுகிறது. அவ்வளவுதான். மண்ணைப் பிளந்துகொண்டு காண்டாமிருகத்துக்கே அண்ணன் மாதிரி ஒரு ஜந்து பாய்கிறது. உடம்பெல்லாம் கவசம். முதுகில் சுறாவின் துடுப்பு. வாய் நிறையப் பல்.

அதன் பெயர் புலே. விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கத்திக் கத்தி ஆடுவார்களே, அதேதான். 1974-ல் பிறந்தது. காயும் கட்டமும் கட்டாயமில்லை. கற்பனைதான் களம்.

சரி, உங்களுக்கு ஒரு கேள்வி. இந்தப் புலேயை உருவாக்கியது யார்?

சுலபமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால், இன்றுவரை முழு விடை இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

*

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்றொரு மனிதர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். மனைவி, ஐந்து குழந்தைகள். 1970-ல் வேலை போய்விட்டது. வீட்டிலேயே செருப்புத் தைத்து, ரிப்பேர் செய்து பிழைப்பை ஓட்டினார்.

வயிற்றுக்குச் செருப்பு. மனசுக்குப் போர் விளையாட்டு. சின்னச் சின்ன சிப்பாய் பொம்மைகளை மேஜையில் அணிவகுக்க வைத்து, பழைய யுத்தங்களை மறுபடி நடத்திப் பார்ப்பது அவருக்குப் பைத்தியம். 1971-ல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்று ஒரு விதிப் புத்தகம் எழுதினார். இடைக்காலத்துப் போர். கடைசியில் சும்மா ஒரு இணைப்பாக மந்திரவாதி, டிராகன், பூதம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்.

பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்ன்சன் என்ற இளைஞர் அந்த விதிகளை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போனார். படைக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கதாபாத்திரம். யுத்தகளத்துக்குப் பதில் கோட்டைக்கு அடியில் இருட்டுச் சுரங்கம். இரண்டு பேர் மூளையும் சேர்ந்ததில் பிறந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். வெளியிட ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. கைகாக்ஸ் தன் பால்ய நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்று சொந்தமாகவே ஒன்றை ஆரம்பித்தார். முதல் பதிப்பு 1,000 பெட்டிகள். விலை 10 டாலர்.

இதெல்லாம் பலரும் எழுதிவிட்ட சரித்திரம். நமக்கு வேண்டியது அந்த மேஜை மேல் இருந்த பொம்மைகள்.

சிப்பாய் பொம்மை கடையில் கிடைக்கும். குதிரை கிடைக்கும். பூதத்துக்கு எங்கே போவது? அந்த நாளில் டிராகன் பொம்மை வேண்டுமென்றால் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸை வாங்கி, வெட்டி ஒட்டி, டிராகனாக மாற்றினார். டைனோசர் பாவம், வாயைத் திறக்கவில்லை.

அப்படிப் பொம்மை தேடி அலைந்தபோதுதான் ஒரு சல்லிசு விலைக் கடையில் அந்தப் பை கண்ணில் பட்டது. பாலிதீன் பை. உள்ளே கொத்தாகப் பிளாஸ்டிக் ஜந்துக்கள். 'வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்' என்று பெயர். தயாரிப்பு ஹாங்காங்.

டைனோசர் என்று நம்பி வாங்குகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருந்தவற்றில் பல, பூமியில் எந்த யுகத்திலும் நடமாடியதில்லை! ஒன்றுக்கு நான்கு கால், உருண்டை உடம்பு, வால் நுனியில் விமான விசிறி மாதிரி ஒரு சமாசாரம். இன்னொன்று மூக்கு கூராகி, துப்பாக்கித் தோட்டா வடிவில். மூன்றாவது நிமிர்ந்து நிற்கிறது. கரடியா, பறவையா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது.

கைகாக்ஸுக்கு அது போதுமாக இருந்தது. பையை வாங்கி வந்து, பூதங்களை மேஜையில் இறக்கினார்.

*

கதையைக் கவனியுங்கள். வழக்கமாக முதலில் கற்பனை வரும், அப்புறம் பொம்மை வரும். இங்கே தலைகீழ். முதலில் பொம்மை வந்தது. பொம்மையின் உருவத்தைப் பார்த்து, 'இது என்ன செய்யும்? எதைத் தின்னும்?' என்று யோசித்து, குணத்தை அப்புறம்தான் எழுதினார்கள்.

விசிறி வால்காரன் துரு ராட்சதன் ஆனான். இவன் மனிதக் கறியைச் சீண்டவே மாட்டான். மீசையால் கவசத்தைத் தொடுவான், இரும்பு துருவாகி உதிரும், அதைத் தின்பான். எத்தனையோ ஆபத்தைத் தாண்டி மந்திரக் கவசம் சம்பாதித்த மகா வீரனும் இவனைக் கண்டால் தலைதெறிக்க ஓடுவான். உயிர் போனால்கூடப் பரவாயில்லை, சொத்து போகலாமா? கரடிப் பறவைக்கு ஆந்தைக் கரடி என்று பெயர் வந்தது. இந்த இரண்டும் 1975-ல் வெளியான 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகத்தில் அச்சேறின.

தோட்டா மூக்கனுக்கு அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் அடித்தது. கம்பெனி 'தி டிராகன்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. முதல் இதழ் ஜூன் 1976. ஆசிரியர் டிம் காஸ்க். விளையாட்டு வட்டத்தில் அந்தப் பொம்மையை ஏற்கெனவே 'புல்லட்' என்றுதான் கூப்பிட்டார்கள். காஸ்க் அதற்கு பிரெஞ்சு வாசனை தடவி 'புலே' ஆக்கினார்.

முதுகுத் துடுப்போடு மண்ணுக்குள் பாயும் யோசனைக்குப் பின்னால் அந்தக் காலத்துக் காற்று இருக்கிறது. 1975 ஜூனில் 'ஜாஸ்' படம் வெளியாகி, அமெரிக்கர்கள் கடலில் கால் வைக்கவே நடுங்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' டி.வி. நிகழ்ச்சியில் அதைக் கிண்டலடித்து ஒரு நகைச்சுவை. வீட்டுக் கதவைத் தட்டி, 'தந்தி வந்திருக்கிறது' என்று சொல்லி, திறந்தவரை விழுங்கும் தரைச் சுறா! புலேக்கும் அதே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

1977-ல் 'மான்ஸ்டர் மேனுவல்' வந்தது. 350-க்கும் மேற்பட்ட பூதங்களின் கெட்டி அட்டை அகராதி. நிஜ டைனோசர்களுக்கும் அதில் இடமுண்டு. நம் மூன்று பேரும் படத்தோடு இடம்பிடித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை. புலே எப்படி உண்டானது என்பதற்கு அந்தப் புத்தகம் சொல்லும் காரணம்: யாரோ ஒரு பைத்தியக்கார மந்திரவாதி, ஆமையையும் ஆர்மடில்லோவையும் கலந்து, கொஞ்சம் பேய் ரத்தமும் ஊற்றிச் செய்த வேலை. ஆந்தைக் கரடிக்கும் அதே கதைதான். அதுவும் யாரோ ஒரு புத்தி பிசகிய மந்திரவாதியின் பரிசோதனையாம்.

யாரோ ஒரு மந்திரவாதி! விளையாட்டுக்கு எழுதிய வரிதான். ஆனால் அதைவிட உண்மையான வரி அந்தப் புத்தகத்தில் இல்லை.

*

நிஜமாகவே ஒரு மந்திரவாதி இருந்தார். அவர் இருந்தது ஹாங்காங்கில்.

சீனாவில் 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் லட்சக்கணக்கான அகதிகள் ஹாங்காங்குக்கு ஓடி வந்தார்கள். ஷாங்காய் முதலாளிகள் பணத்தோடு வந்தார்கள். ஏழைகள் இரண்டு கையோடு வந்தார்கள். அதுவரை ஹாங்காங்கின் பிழைப்பு சீனச் சரக்கை வாங்கி விற்பது. கொரியப் போரை ஒட்டி 1951-ல் சீனாவுடனான வர்த்தகத்துக்கு ஐ.நா. தடை போட, அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. விற்கச் சரக்கு இல்லையா? நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். துணி, விக், பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் பொம்மை. பின்னாளில் ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான லீ கா-ஷிங் 1950-ல் தொடங்கியதும் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைதான்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு அறைக்கு ஒரு பட்டறை. பெரிய ஆர்டரைச் சின்னப் பட்டறைகள் பங்கு போட்டுக்கொள்ளும். சாயம் பூசுவது, பையில் அடைப்பது போன்ற வேலைகள் வீடுகளுக்குப் போகும். அம்மாவும் பிள்ளைகளும் இரவெல்லாம் உட்கார்ந்து செய்வார்கள். கூலி அற்பம்.

இதில் ஒரே ஒருவர் வேலை மட்டும் வேறு ரகம். அச்சுக் கொத்துகிறவர். இரும்பில் குழிவாக உருவத்தைச் செதுக்க வேண்டும், பின்னம் இல்லாமல், பொம்மை ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வரும்படி. கை தேர்ந்த கலைஞர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

அப்படி ஒரு கைதான் தோட்டா மூக்கைச் செதுக்கியது. எதைப் பார்த்துச் செதுக்கியது? ஜப்பானில் 1954-ல் 'காட்ஸில்லா' வந்தது. அணுகுண்டுச் சோதனையில் கண்விழிக்கும் ஆதிகால மிருகம். 1966-ல் 'அல்ட்ராமேன்' தொடர் தொடங்கி, வாராவாரம் ஒரு ராட்சத ஜந்துவை டி.வி.யில் இறக்கியது. அந்த ஜந்துக்களின் சாயல் இந்தப் பொம்மைகளில் தெரிகிறது என்று ரசிகர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். சாயல்தானே தவிர, நகல் இல்லை. விசிறி வாலுக்கு ஒரு தனி மூளை வேண்டும்.

அந்த மூளைக்காரரின் பெயர்? பையில் இல்லை. பொம்மையில் இல்லை. ஊர்ப்பெயரைத் தவிர எதுவும் இல்லை.

*

பி.காம். படித்தவன் புத்தி, எங்கே போனாலும் வரவு செலவு பார்க்கும். கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

டி அண்ட் டி-யில் ஆரம்பத்தில் ஹாபிட், என்ட், பால்ராக் என்று டோல்கின் கதைப் பாத்திரங்களும் இருந்தன. 1977-ல் அந்தக் கதைகளின் வணிக உரிமைக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ஹாபிட், 'ஹாஃப்லிங்' ஆனது. மற்றவையும் பெயர் மாறின. (புலேக்கு ரொம்பப் பிடித்த தீனி இந்த ஹாஃப்லிங்தான் என்பது தனி சோகம்.) விளையாட்டின் இன்னொரு தகப்பனான ஆர்ன்சன், தனக்குச் சேர வேண்டிய ராயல்டிக்காக 1979-ல் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆனது.

ஆக, பெயர் உள்ளவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. ஹாங்காங்கிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. வருவதற்கு, தன் பொம்மைக்கு இப்படி ஒரு மறுபிறவி கிடைத்தது அந்தக் கலைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

கைகாக்ஸையோ காஸ்க்கையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பொம்மையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதற்கு உயிரும் குணமும் பசியும் கொடுத்தது அவர்கள்தான். பை வாங்கிய கதையையும் அவர்கள் மறைக்கவில்லை. அவர்களே பேட்டிகளிலும் கட்டுரைகளிலும் சொன்னதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

டி.எஸ்.ஆர். நொடித்தது. 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதை வாங்கியது. 1999-ல் அந்தக் கம்பெனியை ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஹாஸ்ப்ரோ யார்? உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பெனிகளில் ஒன்று! பொம்மையாகப் பிறந்த பூதம், கடைசியில் பொம்மைக் கம்பெனி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆந்தைக் கரடி 2023-ல் ஹாலிவுட் படத்தில் வந்தது. அதே ஆண்டு 'பால்டர்ஸ் கேட் 3' கம்ப்யூட்டர் விளையாட்டில் குட்டி போட்டது.

அதே 2023 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. மற்றவர்களும் தன் விதிகளைப் பயன்படுத்தலாம் என்று 2000-லிருந்து இருந்த அனுமதியை இறுக்கப் பார்த்தது கம்பெனி. ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். கம்பெனி பணிந்து, அடிப்படை விதிகளை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற பொது உரிமத்தின் கீழ் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் புலே உண்டு. ஆந்தைக் கரடி உண்டு. துரு ராட்சதனும் உண்டு.

இன்று நீங்களும் ஒரு கதை எழுதி, அதில் புலேயை மேயவிட்டு, விற்றுக் காசு பார்க்கலாம். ஒருவருக்கும் பைசா தர வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை.

இது யாரிடமிருந்து வந்தது என்று மறக்காமல் பெயர் குறிப்பிட வேண்டும். கம்பெனியின் பெயரை.