மேடையே பள்ளி: ஔவை தி. க. சண்முகத்தின் வாழ்வும் கலையும்

கூத்தாடி என்பது நம் மக்களிடையே நெடுங்காலம் வசைச் சொல்லாகவே வழங்கி வந்தது. கூத்தாடிக்குப் பெண் கொடார். குடியிருக்க வீடு கொடார். இரவெல்லாம் அவன் பாட்டைக் கேட்டு மெய்ம்மறந்தவர்களே, பொழுது விடிந்ததும் அவனைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினர். தமிழ் மூன்று, அவற்றுள் நாடகம் ஒன்று என்று பெருமை பேசியவர்களும், அந்த மூன்றாம் தமிழை நாவில் வைத்துக் காத்தவனைத் தமிழ் கற்றவனாக மதித்தாரல்லர். அத்தகைய காலத்தில், ஆறு வயதில் அரிதாரம் பூசி, முறையான பள்ளிப் படிப்புக்கு வாய்ப்பின்றி வளர்ந்து, பின்னாளில் நாடகக் கலையைப் பற்றித் தெளிந்த தமிழில் நூல்கள் எழுதும் நிலைக்கு உயர்ந்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஔவை தி. க. சண்முகம். அவருக்கு அத்தமிழ் எங்கிருந்து வந்தது? அதைப் பெற்றதற்கு அவர் என்ன திருப்பித் தந்தார்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பது தமிழாசிரியர்க்குப் பயன் தருவதாகும்.

தலைமையாசிரியர்

சண்முகம் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை மேடையில் பெண் வேடம் பூண்டு நடித்தவர். சங்கரன், முத்துசாமி என்போர் தமையன்மார், பகவதி இளையவர். இந்நால்வரே பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாடறிந்தவர்கள்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். கண்ணுசாமிப் பிள்ளையின் பிள்ளைகள் அதிற் சேர்ந்தனர். சண்முகத்திற்கு அப்பொழுது வயது ஆறு.

சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடிகராகப் புகழ் பெற்று, பிறகு வேடத்தைக் களைந்து ஆசிரியராக அமர்ந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என அவர் யாத்த நாடகங்கள் தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் ஆடப்பட்டன.

பெரிய நடிகர்களை விட்டுச் சிறு பிள்ளைகளிடம் அவர் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்நாளில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை இருந்தது. ஓர் ஊரிலிருந்து கதாநாயகனும், வேறோர் ஊரிலிருந்து நாயகியும், மற்றோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரரும் வந்து ஒரே இரவில் கூடி நடித்துப் பிரிவர். ஒத்திகை கிடையாது. எழுதிய பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஒருவரை ஒருவர் மடக்கும் தர்க்கத்தில் இறங்குவர். வள்ளியும் வேலனும் தம் கதையை மறந்து வாதப் போர் புரிவர். கை தட்டல் கிடைக்கும். நாடகம் சிதைந்து போகும். சொன்னதைச் சொன்னபடி சொல்லும் நாவுகள் சுவாமிகளுக்குத் தேவைப்பட்டன. அவை பிள்ளைகளிடமே இருந்தன.

பாடம்

நாடகக் கம்பெனியில் நடிகன் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதிக்குப் 'பாடம்' என்று பெயர். பயிற்றுவிப்பவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். பள்ளிக்கூடத்துச் சொற்களே அங்கும் வழங்கின. வாத்தியார் சொல்லப் பிள்ளைகள் சொல்லி, வெண்பாவும் விருத்தமும் கண்ணியும் அவர்கள் நாவில் ஏறின. இலக்கணம் தனியாகக் கற்பிக்கப்படவில்லை. சீர் பிரித்து இசையோடு பாடியபொழுது யாப்பும், பொருள் தோன்ற நிறுத்திப் பேசியபொழுது புணர்ச்சியும் தாமே படிந்தன.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையில், கடைசி வரிசையில் தரையில் இருப்பவன் காதில் சொல் விழவேண்டும். கத்தினால் தொண்டை கட்டும். மெதுவாகப் பேசினால் சீழ்க்கை அடிப்பார்கள். ஆகவே லகர, ளகர, ழகர வேறுபாடும், வல்லின மெல்லின வேறுபாடும் அங்கே தேர்வுக்குரிய செய்திகளாக இருக்கவில்லை. அன்றைய சோற்றுக்குரிய செய்திகளாக இருந்தன. எழுத்தைத் திருத்தமாக ஒலித்தாலன்றிச் சொல் தொலைவு செல்லாது என்பதை அப்பிள்ளைகள் உடம்பால் அறிந்தனர்.

சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள், அச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ஒரு நாடகத்தை ஓர் இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் புகழ் பெற்ற செய்தி. மாணவனின் நாவுக்கு ஏற்பப் பாடநூலே எழுதிய ஆசிரியர் அவர்.

இப்பள்ளியின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. விளையாட வேண்டிய வயதில் பிள்ளைகள் விடிய விடியக் கண் விழித்தனர். தாயைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர். தவறினால் அடி விழும். வயது வந்து மகரக்கட்டு உடைந்து குரல் கம்மியதும், நேற்றுவரை இராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ போற்றப்பட்ட பிள்ளை ஒதுக்கப்படுவதும் உண்டு. நிலைத்தவர்களின் பெயரை வரலாறு சொல்கிறது. குரல் உடைந்து வீடு திரும்பியவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

சுவாமிகளிடம் சண்முகம் பயின்ற காலம் நீண்டதன்று. 1921இல் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்குண்டார். எண்ணிறந்த பிள்ளைகளின் நாவைத் திருத்தியவருக்கு நா தளர்ந்தது. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தபொழுது சண்முகத்திற்கு வயது பத்து.

சொந்தச் சபை

1925இல் சகோதரர்கள் ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்ற பெயரில் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். புராண நாடகங்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எம். கந்தசாமி முதலியார் அவர்களுக்குச் சமூக நாடகங்களைப் பயிற்றுவித்தார். அன்றாட வீட்டுப் பேச்சும், கோட்டும் சட்டையும் அணிந்த பாத்திரங்களும் மேடை ஏறின. 1931இல், வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகத்தைத் 'தேசபக்தி' என்ற பெயரில் நடித்தனர். அந்நிய ஆட்சி நடந்த அந்நாளில் இது எளிய செயலன்று.

என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். இராமசாமி முதலியோர் இக்குழுவில் வளர்ந்தவர்கள். சிறு பிள்ளையாக வந்து சேர்ந்த கமலஹாசனும் இங்குப் பயின்றவரே. வேறு பாலர் சபைகளிலிருந்து எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் வந்தனர். ஆகத் தமிழ்த் திரையில் ஒரு தலைமுறை பேசிய தமிழ், பாலர் சபைகளில் ஓதிய பாடமே என்று கூறினால் அது மிகையாகாது.

திரையும் வழக்கும்

1935இல், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'மேனகா' நாடகம், ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. சகோதரர்களும் என். எஸ். கிருஷ்ணனும் திரையில் தோன்றிய முதற் படம் அது. பின்னர்க் 'குமாஸ்தாவின் பெண்' (1941), 'பில்ஹணன்' (1948), 'மனிதன்' (1953) முதலிய படங்கள் வந்தன. 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சண்முகம் சுப்பிரமணிய சிவாவாக நடித்தார். எனினும் திரையில் நடித்த ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் மேடைக்கே திரும்பினார். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென மாநாடு கூட்டியவர்களும் இச்சகோதரர்களே.

'பில்ஹணன்' படத்தால் எழுந்த வழக்கு ஒன்று, தமிழிலக்கிய வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. அப்படத்தில் பாரதியார் பாடல் ஒன்று பாடப்பட்டது. பாரதியார் பாடல்களைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை அப்பொழுது ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதனை முறையாக விலை கொடுத்து வாங்கியிருந்தார். ஆகவே தம் உரிமையை நிலைநாட்ட முற்பட்டார். சண்முகம் பணிந்துபோக மறுத்தார். தேசியக் கவியின் பாடலைப் பாட ஒரு தமிழன் மற்றொரு தமிழனிடம் அனுமதி கேட்பதா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. எழுத்தாளர்களும் தலைவர்களும் குரல் கொடுத்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசாங்கம் இதில் தலையிட்டது. மெய்யப்பச் செட்டியாரும் கைம்மாறு பெறாமல் தம் உரிமையை விட்டுக் கொடுத்தார். 1949இல் பாரதியார் படைப்புகளின் உரிமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. இன்று எந்தத் தோட்டத்துப் பள்ளியின் ஆண்டு விழாவிலும் ஒரு பிள்ளை எவரையும் கேளாமல் பாரதியார் பாட்டைப் பாடலாம். அந்த உரிமைக்குப் பின்னால், பள்ளி செல்லாத ஒரு நடிகரின் பிடிவாதமும் உண்டு.

ஔவை

சண்முகம் ஏற்ற வேடங்களுள் தலையாயது ஔவையார். 1940களில், முப்பது வயதை ஒட்டிய ஆண்மகன் ஒருவர், கூன் விழுந்து கோலூன்றிய மூதாட்டியாக மேடை ஏறினார். சிறுவர் பெண் வேடம் போடுவது அந்நாளில் வழக்கம். ஆனால் அழகில்லாத பெண்ணாக, அறிவே உருவான கிழவியாகத் தோன்றுவது வேறு செயல். குரல் முதுமையால் நடுங்க வேண்டும்; சொல் நடுங்கக் கூடாது. மூதுரையும் ஆத்திசூடியும் தந்த வாய் என்று கேட்போர் நம்பவேண்டுமாயின், ஓர் எழுத்தும் வழுவுதல் ஆகாது. சுவாமிகள் பயிற்றிய பாடத்துக்கு இதைவிடக் கடிய தேர்வு இல்லை.

1953இல் ஜெமினி நிறுவனம் ஔவையாரைப் படமாக்கியபொழுது கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். அப்படம் பெரும் புகழ் பெற்றது. ஆயினும் ஔவை என்ற பெயர் சண்முகத்தை விட்டு நீங்கவில்லை. நடிகர்கள் பலர் பட்டம் பெற்றதுண்டு. ஒரு தமிழ்ப் புலவரின் பெயரே முன்னடையாக அமைந்த நடிகர் இவர்.

மலைச்சரிவில் ஒரு மாணவன்

இத்தகைய ஆசிரியர் மாணவர் உறவு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பன்னிரண்டாம் பிள்ளையாக 1925இல் பிறந்தவர் ரிச்சர்டு ஜென்கின்ஸ். தாயை இழந்து தமக்கையால் வளர்க்கப்பட்டு, இடையில் படிப்பை விட்டுக் கடையில் வேலைக்குப் போனவர். பிலிப் பர்ட்டன் என்ற பள்ளி ஆசிரியர் அச்சிறுவனைத் தம் பொறுப்பில் ஏற்றார். மலைச்சரிவில் நிறுத்திச் செய்யுள் சொல்லச் செய்து, கத்தாமலே தொலைவுக்குக் குரல் எட்டப் பழக்கினார். மாணவன் ஆசிரியரின் குடிப்பெயரையே தன் பெயராகக் கொண்டான். நாடக மேடையில் ஹாம்லெட்டாகவும், திரையில் 'கிளியோபாத்ரா' முதலிய படங்களிலும் உலகப் புகழ் பெற்ற ரிச்சர்டு பர்ட்டன் அவனே.

பேராக் மாநிலத்தவர்க்கு இவ்வரலாறு அயலாகத் தோன்றாது. காம்பார் வட்டாரமும் சுரங்கங்களால் எழுந்ததே. அங்கே நிலக்கரி, இங்கே ஈயம். சுற்றிலும் இருந்த இரப்பர்த் தோட்டங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி இருந்தும், படிப்பை இடையில் நிறுத்திப் பால்மரத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழா மேடை இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் வள்ளி திருமணப் பாடல்களை இரவெல்லாம் வழுவின்றிப் பாடினர். சுவாமிகளின் பள்ளி, கடல் கடந்து லயத்து வாசல் வரை வந்திருந்தது என்க.

கடன் தீர்த்தல்

சண்முகத்திற்கு 1962இல் சங்கீத நாடக அகாதமி விருதும், 1971இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 1973 பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். சென்னையில் லாயிட்ஸ் சாலை அவர் பெயரைப் பெற்றது. 1996இல் கமலஹாசன் மூதாட்டி வேடம் பூண்டு நடித்த படத்துக்கு 'ஔவை சண்முகி' என்று பெயரிட்டது, பழைய ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய வணக்கமே.

ஆயினும் சண்முகம் தம் ஆசிரியருக்குச் செலுத்திய வணக்கம் அதனினும் பெரிது. சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றி எழுதினார். 1972இல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற பெரு நூலை வெளியிட்டார். தம் புகழை உரைக்கும் நூலாக மட்டும் அதனை அமைக்காமல், உடன் நடித்தவர், பாட்டெழுதியவர், கொட்டகை போட்ட ஊர் என்று ஒரு காலத்தையே அதில் எழுதி வைத்தார். நடிகனின் கலை திரை விழுந்ததும் மறைவது. அதைக் காத்து வைக்க எழுத்தை விட்டால் வழியில்லை என்பதை, எழுத்தைப் பள்ளியில் கல்லாத அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பள்ளி நாடகம் என்றால் ஆண்டு இறுதியில் ஒரு நாள் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ழகரம் வராத பிள்ளைக்குப் பத்து முறை எழுதச் சொல்லித் தண்டனை கொடுப்பதைக் காட்டிலும், நான்கு வரிப் பாடம் கொடுத்து மேடையில் நிறுத்துவது பயன் தரலாம். கூடத்தின் கடைசி வரிசையில் அப்பிள்ளையின் தாய் அமர்ந்திருப்பாள். அவள் காதுக்குத் தன் சொல் எட்டவேண்டும் என்று பிள்ளை முயலும்பொழுது, சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பள்ளி மீண்டும் ஒருமுறை திறக்கிறது.