உப்பு வழக்கு – 6: மதகைத் திறக்காதீர்கள்!

அணையில் தண்ணீர் நிற்கிறது. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. ஆயக்கட்டு விவசாயியோ, "ஐயா, தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள்" என்று அதிகாரியிடம் கெஞ்சுகிறார். சென்ற வாரம் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

அந்த அணை ஒரத்துப்பாளையம். வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும். அதற்கு முன்னால், சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட வறண்ட பூமிக்காகக் கட்டிய அணை, 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஐந்தாறு வருடங்களுக்குள் ஆயக்கட்டுக்காரர்கள் அதைக் கைகழுவிவிட்டார்கள். திருப்பூரின் சுமார் 700 சாயப்பட்டறைகள் விட்ட கழிவு அங்கே வந்து தேங்கியதுதான் காரணம். பாய்ச்சிய வயலில் வெள்ளையாகப் பொருக்கு தட்டியது. கிணறுகள் கரித்தன.

ஊருக்கே கண்ணில் பட்டது நிறம். ஒருநாள் சிவப்பு, ஒருநாள் கறுப்பு என்று ஓடிய ஆற்றைத்தான் பத்திரிகைகளும் படம் பிடித்தன. பயிரைக் கொன்ற ஆளுக்கு நிறமே கிடையாது. அதைப் பார்க்க ஒரு சாயப்பட்டறைக்குள் போயாக வேண்டும்.

பருத்தித் துணியும் சாயமும் தண்ணீருக்குள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. எனவே ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் தள்ளுவது அடங்கி, சாயம் துணியில் ஏறும். வெளிர் நிறத்துக்குக் குறைவாகப் போதும். கருநீலம், கறுப்பு என்றால் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் வரை போட வேண்டும். சாயம் ஏறியதும் உப்புக்கு அங்கே வேலையில்லை. ஒரு துளிகூடத் துணியோடு ஏற்றுமதியாகாது. மூட்டை மூட்டையாக உள்ளே வந்தது முழுக்க அலசல் நீரோடு வெளியே போகும்.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1974-இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1982-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1989-இல் முக்கிய ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலை வரக் கூடாது என்ற அரசாணை, எல்லாம் வந்தாயிற்று. கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. பட்டறைக்காரர்கள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் கட்டினார்கள். ஆனால் அங்கே போட்டதெல்லாம் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும்தான். சாயம் திரிந்து சேறாகத் தொட்டியின் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகும், உப்பில் ஒரு குன்றுமணி குறையாமல். கோடிக்கணக்கில் செலவு செய்து, குற்றவாளியை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்து வைத்திருந்தார்கள்!

கடல் வரை குழாய் போட்டுவிடலாம் என்ற யோசனையும் தலைகாட்டாமல் இல்லை. கடலில் விடும் கழிவுக்கு அந்த 2100 வரம்பு பொருந்தாது. கணக்கு சுலபமாகத் தீர்ந்துவிடும். ஆனால் திருப்பூரிலிருந்து கடல் எவ்வளவு தூரம், வழியில் எத்தனை ஊர்?

இதற்கிடையே பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்ததை முன்பே பார்த்தோம். அதன் வழியாகப் பிறந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பக்கமும் வந்தது. 2004 டிசம்பரில் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டது: ஏறக்குறைய 24.8 கோடி ரூபாய். தலைக்குப் பிரித்தால் ஒன்பதாயிரம் தேறாது. உப்பேறிய காட்டுக்கும் கெட்டுப்போன கிணற்றுக்கும் அது எந்த மூலைக்கு?

விவசாயிகள் பணத்தோடு ஓய்ந்துவிடவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. தீர்ப்பு 2006 டிசம்பர் 22 அன்று வந்தது. அதில் ஒரு புதுமை இருந்தது. இனி வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: ஜனவரி முதல் 6 பைசா, ஏப்ரலிலிருந்து 8, அதன் பிறகு 10. 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலைக்கு வந்துவிட வேண்டும்.

ஆறு பைசாவா என்று சிரிக்காதீர்கள். தினம் ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு அது நாளொன்றுக்கு ஆறாயிரம் ரூபாய். என்றாலும், கட்டிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்க வைக்கும் தொகை. என் அபிப்பிராயத்தில் தீர்ப்பின் பலவீனம் அங்கேதான்.

பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6: மேல்முறையீடு எடுபடவில்லை. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும், மூன்று மாதம் அவகாசம், அவ்வளவுதான்.

அதற்குள் ஆர்.ஓ. நிலையங்கள் எழும்பியிருந்தன. கடல்நீரைக் குடிநீராக்க, அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே நீரைத் தள்ளும் அதே முறை. நல்ல நீர் ஒரு பக்கம் வந்தது; பட்டறைக்கே திரும்பிப் போயிற்று. மறுபக்கம்? உப்பெல்லாம் திரண்ட அடர்நீர். கடலோர ஆலையென்றால் அதைக் கடலிலேயே விட்டுவிடும். திருப்பூருக்கு அந்த வசதி இல்லை. கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு எரிபொருள், மின்சாரம் என்று செலவு எகிறியது. ஆவியாக்கும் கலத்துக்குள் உப்பு படிந்து அடைத்தது. ஒரு வாரம் ஓடும், ஒரு வாரம் நிற்கும். நின்ற வாரங்களில் அடர்நீர் எங்கே போனது என்பது நொய்யலுக்குத் தெரியும்.

விவசாயிகளுக்கும் தெரிந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கோடு மறுபடி சென்னைக்கு வந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று உத்தரவு பிறந்தது: அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூட வேண்டும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நிற்க வேண்டும், மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கழிவே வெளியேறாது என்று நிரூபிப்பவர் மட்டும் திறக்கலாம்.

பனியன் நகரம் நின்றது. பின்னிய துணி வெள்ளையாகக் கிடங்கில் குவிய, சாயத்துக்காக லாரிகள் வெளியூர், வெளிமாநிலம் என்று புறப்பட்டன. ஆவியாக்கும் கலங்களோ அடைத்தது அடைத்தபடி. அப்போது அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கேள்வி எழுந்தது: அந்த அடர்நீரை எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும்? அதிலிருக்கும் உப்பை விலை கொடுத்து வாங்கியவர்கள் நாம்தானே?

(அடுத்த வாரம்: அருள்புரத்துச் சோதனை)