பரேல் எலியும் சென்னை எலியும்

தாதர் நிலையத்திலிருந்து தெற்கே பரேலை நோக்கிச் செல்வோர் கண்ணில், மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய மாளிகை படும். ஒரு காலத்தில் பம்பாய்க் கவர்னர்கள் வசித்த அம்மாளிகையில் இன்று ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகின்றது. நம் காலனியைச் சேர்ந்தவர்கள் நாள்தோறும் அவ்வழியே போய் வருகின்றோம். ஆயினும், ஜீவராசிகள் தம் சூழலுக்கு எவ்வாறு இசைவு பெறுகின்றன என்னும் பெரிய கேள்விக்கு, சாதாரண வீட்டெலிகள் அங்கே விடை பகர்ந்தன என்பதை அறிந்தோர் நம்மிற் சிலரே. நாம் விஞ்ஞானம் பயின்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவே. எனினும் இச்சரித்திரம் நம் குழந்தைகளுக்குத் தெரிந்திருத்தல் நலம் எனக் கருதி, இம்மலரின் வாயிலாக அதனைச் சொல்லத் துணிகின்றோம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பம்பாய்த் துறைமுகத்தையடுத்த மாண்ட்வி வட்டாரத்தில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் ஒரு கொடிய சுரத்தைக் கண்டு, அது பிளேக் நோயே என அறிவித்தார். காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பிழைத்தோரில் பலர் ஊரைவிட்டு ஓடினர். பின்னர் அந்நோய் தேசமெங்கும் பரவி, முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருப்பது அக்காலத்து அச்சத்தின் அடையாளமேயாம்.

பிளேக் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் எர்சான் என்னும் அறிஞர் கண்டறிந்திருந்தார். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அக்கிருமியை மனிதனுக்குக் கொணர்கின்றது என்பதை 1898-இல் கராச்சியில் சிமோன் என்பவர் காட்டினார். அன்று பலர் அதனை நம்பவில்லை. 1905-இல் பணி தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் பரேலில் பற்பல சோதனைகள் செய்து அதனை ஐயமின்றி நிலைநாட்டினர்.

அக்குழுவினர் எலிகளை ஆராயுங்கால் ஒரு விந்தையைக் கண்டனர். பல ஊர்களின் எலிகளுக்குள் பிளேக் கிருமியைச் செலுத்திப் பார்த்தபொழுது, ஆண்டுக்கணக்கில் பிளேக் நிலவிய பம்பாயின் எலிகளிற் பெரும்பாலானவை பிழைத்து நின்றன. பிளேக் வேரூன்றாத சென்னையின் எலிகளோ மிகப் பெரும்பாலும் மடிந்தன. இரண்டும் வீட்டெலிகளே, தோற்றத்திலும் வேற்றுமை இல்லை. அங்ஙனமாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பம்பாய் எலி நோயோடு பழகிப் பழகி உரம் பெற்றுவிட்டது என நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். ஆனால் எலியின் ஆயுள் ஓரிரண்டு ஆண்டுகளே. நோயுற்றுப் பிழைத்த ஓர் எலி அடைந்த பாதுகாப்பு, அவ்வெலியோடு மாய்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரின் எலிகள் அனைத்திலும் அவ்வுரம் காணப்படுமாயின், அது பிறப்பிலேயே வருவதாக இருத்தல் வேண்டும்.

சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வு இங்கே நமக்குத் துணை செய்கின்றது. ஒரே ஊர் எலிகளிலும் எல்லாம் ஒன்றுபோல் பிறப்பதில்லை. நோய் வருமுன்னரே, ஆயிரத்தில் சிலவற்றிற்கு அதனைத் தாங்கும் தன்மை தற்செயலாக அமைந்திருக்கும். நோயில்லாத காலத்தில் அத்தன்மையால் பயனேதும் இல்லை. நோய் வந்தபோதோ, அத்தன்மை இல்லாதவை மாண்டன. அஃதுள்ளவை எஞ்சிக் குட்டிகள் ஈன்றன. அக்குட்டிகள் பெற்றோரின் தன்மையைப் பாரம்பரியமாகப் பெற்றன. இவ்வாறு சில ஆண்டுகளில், சிலவற்றின் தன்மை பலவற்றின் தன்மையாயிற்று. எந்த ஓர் எலியும் மாறவில்லை. எலிக் கூட்டமே மாறியது. எலி முயன்றதும் இல்லை, கற்றதும் இல்லை. செத்தவை விட்டுச் சென்ற இடத்தை இருந்தவை நிரப்பின, அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு பெருந்தவறு நேர்வதுண்டு. வலியவன் வாழ்வான், எளியவன் வீழ்வான். இதுவே இயற்கையின் நீதி என்று சிலர் சொல்லக் கேட்கின்றோம். 2020-இல் கொரோனா நோய் தாராவியிற் புகுந்தபொழுது, தாங்குகிறவன் தாங்குவான் என்று நம் காலனியின் படிக்கட்டிலேயே ஒருவர் சொல்லக் கேட்டு மனம் நொந்தோம். சென்னை எலி பரேல் எலிக்குத் தாழ்ந்ததன்று. அது வாழ்ந்த ஊரில் அச்சோதனை அதற்கு நேரவில்லை, அவ்வளவே. தகுதி என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. உயர்வு தாழ்வு பற்றியதன்று.

இசைவு என்பது குறையற்றதும் அன்று. அதற்கு நம் மலைநாட்டு மக்களிடத்தே ஒரு சான்றுண்டு. நீலகிரிப் பழங்குடியினர் சிலரிடம் அரிவாள் வடிவ ரத்த அணு இருப்பதை 1952-இல் அறிஞர்கள் கண்டனர். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த ஜீனைப் பெற்ற குழந்தை கொடிய மலேரியாவினின்று பெரிதும் காக்கப்படுகின்றது. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ கடும் சோகையால் வாழ்நாள் முழுதும் வருந்துகின்றது. ஒரு குழந்தையைக் காக்கும் அதே பொருள் மற்றொரு குழந்தையை வாட்டுகின்றது. இயற்கை கணக்குப் பார்க்கின்றதேயன்றிக் கருணை பார்ப்பதில்லை.

ஆனால் மனிதனுக்கு வேறொரு வழியும் உண்டு. ஒடெஸாவிற் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் 1896 அக்டோபரில் பம்பாய் வந்து, மூன்று மாதங்களில் பிளேக் தடுப்பு மருந்தைச் செய்து, 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். 1899-இல் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் பரேல் மாளிகைக்கு வந்தது. 1925-இல் அவர் பெயரையே பெற்றது. நகரைச் சீர்திருத்த 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்டார் வகுத்த திட்டத்தின்படி, தாழ்ந்து கிடந்த நிலங்கள் மேடாக்கப்பட்டு, அகன்ற வீதிகளோடும் தோட்டங்களோடும் எழுந்தவையே தாதர், மாதுங்காப் பகுதிகளின் காலனிகள். நம் குழந்தைகள் ஓடியாடும் வீதியின் அகலம், அன்று சால்களில் மாண்டவர்கள் பொருட்டு இந்நகரம் கற்ற பாடமாகும்.

நம்மவர் பலரும் சென்னை ராஜ்யத்தினின்று ரயிலேறி இவ்வூருக்கு வந்தவர்களின் வழியினரே. தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரும் உளர். காரியாலய உத்தியோகத்துக்கு வந்தோரும் உளர். எலிகள் இசைவு பெற்ற வழியிலேயே நாமும் இம்மாநகருக்கு இசைவு பெற வேண்டியிருந்தால், இவ்வாண்டு விழாவுக்கு எத்தனை குடும்பங்கள் எஞ்சியிருக்கும்? நாம் பிழைத்தது தடுப்பூசியாலும், தூய நீராலும், வெளிச்சம் புகும் வீட்டாலும், அண்டை வீட்டார் நீட்டிய கையாலுமேயன்றி, இறந்தவரினும் நாம் சிறந்தவர் என்பதால் அன்று.

ஆகவே, அடுத்த முறை பரேல் பக்கம் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அம்மாளிகையைச் சுட்டிக்காட்டி இக்கதையைச் சொல்வார்களாக. எலிகள் மாண்டு மாண்டு பெற்றதை, மனிதர் ஒருவர்க்கொருவர் உதவிப் பெறலாம் என்பதையும் உடன் சொல்வார்களாக.