பசுவின் அம்மையிலிருந்து எம்.ஆர். ஊசி வரை: படிச்சவங்க சொன்ன இரண்டு பொய்

இன்னைக்குக் கதை 1798-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம்தான் இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர்ங்கிற கிராமத்து டாக்டர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மாட்டுக்கு வர்ற அம்மையை மனுஷங்க கையில கீறி ஏத்தினா பெரியம்மை வராது என்பதுதான் அதோட சாரம். அதே வருஷம்தான் தஞ்சாவூர்ல இரண்டாம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். சரஸ்வதி மகாலை வளர்த்தவர், தன்வந்திரி மகால்ல நாட்டு மருத்துவத்தையும் ஐரோப்பிய மருத்துவத்தையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சவர்.

ஆனா அந்த அரண்மனையிலிருந்து வண்டி கட்டிப் போற தூரத்துல புன்னைநல்லூர் இருக்கு. புத்து மண்ணாலான மாரியம்மன். துளஜா மன்னரோட மகளுக்கு அம்மை போட்டுக் கண் பார்வை போச்சு, இங்கே வந்து வேண்டினதும் திரும்பக் கிடைச்சதுன்னு கோயில் வரலாறு சொல்லுது. நம்ம ஊர்ல அம்மைக்கு 'நோய்'னு பேர் கிடையாது. 'அம்மா வந்திருக்கா'ன்னுதான் சொல்லுவோம். வாசல்ல வேப்பிலை, வீட்ல தாளிப்பு கிடையாது, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு மரியாதை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கம்பெனிக்காரன் தடுப்பூசியோட வந்தான். அன்னைக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது, புட்டி கிடையாது. ஒரு குழந்தை கையில எழும்புன கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தை கையில கீறி ஏத்தணும். இந்தியாவுல முதல் தடுப்பூசி 1802 ஜூன்ல பம்பாயில, அன்னா டஸ்ட்ஹால்ங்கிற 3 வயசுக் குழந்தைக்குப் போட்டது. அவ கையிலிருந்துதான் மருந்து மத்த ஊர்களுக்குப் போச்சு. எந்த வீட்டுக் குழந்தை, என்ன சாதி, அதுக்கு வேற என்ன நோய் இருக்குன்னு ஜனங்க கேட்டாங்க. இதுல கடைசிக் கேள்வி முட்டாள்தனமான கேள்வியே இல்லை. கையிலிருந்து கைக்குப் போற முறையில சிபிலிஸ் மாதிரி நோய்களும் சேர்ந்து பரவினது பின்னால ஐரோப்பாவுலேயே உறுதியான விஷயம்.

இங்கேதான் முதல் பொய் வருது. 1819 ஜனவரியில 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில ஒரு கடிதம். எழுதினவர் பேர் 'கல்வி விரும்பன்'. பசுவின் மடியிலிருந்து அம்மை நீர் எடுத்துக் கையில கீறி ஏத்துற முறை நம்ம பழைய சமஸ்கிருத நூல்லயே இருக்கு, ஜென்னர் புதுசா ஒண்ணும் சொல்லிடலைன்னு எழுதியிருந்தார். ஐரோப்பிய டாக்டர்களே இதை உண்மைன்னு நம்பி எடுத்துப் போட்டாங்க. பின்னாடி சமஸ்கிருத மருத்துவ வரலாற்று ஆய்வாளர் டொமினிக் உஜஸ்டிக் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு பழைய பகுதியே கிடையாது.

சந்தேகம் யார் மேல தெரியுமா? எஃப். டபிள்யூ. எல்லிஸ். ஆமா, சென்னை கலெக்டர், தமிழறிஞர், திராவிட மொழிகள் தனிக் குடும்பம்னு 1816-லயே எழுதின அதே எல்லிஸ். பசுவின் அம்மையை அம்மனோட அருளாக் காட்டி அவர் கதை எழுதினதும் பதிவுல இருக்கு. நோக்கம் நல்லதுதான். உங்க சாமியே சொல்லியிருக்கா, பயப்படாம போட்டுக்கோங்க என்பதுதான். ஆனா அந்தப் பொய் இன்னும் சாகலை. 'நம்ம முன்னோர் அப்பவே தடுப்பூசி கண்டுபிடிச்சாங்க'ன்னு இன்னைக்கும் உங்க குடும்ப குரூப்ல வருதே, அதோட வேர்ல ஒண்ணு இதுதான். உண்மையில நம்ம நாட்ல இருந்தது வேற முறை. பெரியம்மைச் சீழையே லேசா ஏத்துறது. வங்காளத்துல அது நல்லாவே புழக்கத்துல இருந்துச்சு.

அடுத்து 1955. இந்த முறை எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடு முழுக்கப் போட்டுக்கிட்டிருந்த நேரம் அது. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு இவ்வளவு பேருக்கு இதைப் போடுறது சரியான்னு அவர் எதிர்த்து எழுதினார், தனிப் புத்தகமே வந்தது. அவரைப் பத்தி என்ன வேணா சொல்லலாம், படிக்காதவர்னு மட்டும் சொல்ல முடியாது.

அந்த ஊசி வேலை செய்யுதாங்கிற கேள்விக்குப் பதில் நம்ம செங்கல்பட்டுல கிடைச்சது. 1968-ல அங்கே ஒரு பெரிய சோதனை ஆரம்பிச்சாங்க. இரண்டரை லட்சத்துக்கும் மேல ஆட்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் ஊசி, 15 வருஷம் பின்தொடர்ந்தாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கலைங்கிறதுதான் முடிவு. அரசாங்கத்துக்குச் சங்கடமான முடிவு, ஆனா மறைக்காம வெளியிட்டாங்க. சின்னக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்குற காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாத்துதுன்னு வேற ஆய்வுகள் காட்டினதால, இன்னைக்கும் பிறந்த உடனே போடுறாங்க. இதை ஏன் சொல்றேன்னா, தடுப்பூசியைக் கேள்வி கேட்டா விஞ்ஞானம் கோபப்படும்னு ஒரு நினைப்பு இருக்கு. விஞ்ஞானம் செங்கல்பட்டுல பண்ணினது கோபப்படுறது இல்லை, எண்ணிப் பார்க்கிறது.

இப்போ இரண்டாவது பொய். ஜென்னர் புத்தகம் வந்து சரியா 200 வருஷம் கழிச்சு, 1998 பிப்ரவரியில, லண்டன் 'லான்செட்' இதழ்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட இருந்தவங்களும் ஒரு கட்டுரை போட்டாங்க. மொத்தம் 12 குழந்தைங்க. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடுற எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம்னு சந்தேகம் கிளப்பினாங்க. ஊசிக் கம்பெனிகள் மேல கேஸ் போட இருந்த வக்கீல்கள் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போயிருந்தது. அதை பிரையன் டீர்ங்கிற பத்திரிகையாளர் 2004-ல வெளியே கொண்டு வந்தார். குழந்தைகளோட விவரங்களே கட்டுரையில மாத்தப்பட்டிருந்ததும் பின்னாடி தெரிஞ்சது. 2010 பிப்ரவரியில லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் அவரோட டாக்டர் பதிவும் ரத்தாச்சு.

அந்த 12 குழந்தைகள் கதை 2017 பிப்ரவரியில வாட்ஸ்அப்ல நம்ம ஊருக்கு வந்துச்சு. தமிழ்நாட்டோட சேர்த்து ஐந்து மாநில, யூனியன் பிரதேசங்கள்ல 9 மாசத்திலிருந்து 15 வயசுக்குள்ள எல்லாருக்கும் எம்.ஆர். ஊசி போட ஆரம்பிச்ச மாசம். ஆட்டிசம் வரும், மலட்டுத்தன்மை வரும்னு ஃபார்வர்டுகள். பல பள்ளிகள்ல பெற்றோர் சம்மதிக்கலை. முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாச்சு.

அந்த மாசத்தை டெல்டாவுல நின்னு பாருங்க. குருவை போயி, சம்பாவும் கருகி, மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு. சென்னையில முதலமைச்சர் யாருன்னே சண்டை. நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரா ஊரே உட்கார்ந்திருக்கு. இது என் அனுமானம்தான்: கேட்காம நிலத்துல குழாய் இறக்க வர்றாங்கன்னு பயந்துக்கிட்டிருக்கிற வீட்டுக்கு, அதே மாசம் குழந்தை கையில ஊசி இறக்க வர்றவங்களை நம்புறது கஷ்டம். 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட 4 கைக்குழந்தைகள் ஒரே நாள்ல இறந்ததையும் ஜனங்க மறந்திருக்கலை. பயத்துக்குக் காரணம் இருந்துச்சு. ஆட்டிசம்ங்கிற முடிவுதான் தப்பு.

ஏன் தப்பு? மேட்டூரை எடுத்துக்கோங்க. ஜூன் 12 அணை திறக்கிற தேதி. அதை ஒட்டித்தான் தென்மேற்குக் காத்தும் வேகம் பிடிக்கும். அணை திறந்ததாலதான் காத்து அடிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா எப்படிச் சரிபார்ப்பீங்க? அணை திறக்காத வருஷத்தைப் பார்க்கணும். 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் ஜூன் 12-ல அணை திறக்கலை. காத்து நின்னுச்சா? ஒவ்வொரு வருஷமும் அடிச்சது.

ஜப்பான்ல இதே மாதிரி ஒரு மதகு மூடினாங்க. அங்கே போட்ட எம்.எம்.ஆர்.ல பொன்னுக்கு வீங்கிப் பகுதியால சில குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சி வந்தது. அது நிஜமான பக்கவிளைவு, அதனால 1993-ல அந்த ஊசியையே நிறுத்திட்டாங்க. யோகோஹாமாவுல ஒரு வட்டாரத்துக் குழந்தைகளைக் கணக்கெடுத்தாங்க. எம்.எம்.ஆர். பூஜ்ஜியம் ஆன பிறகும் ஆட்டிசம் கண்டறியப்படுறது கூடிக்கிட்டே போச்சு. எங்க வேலையில புது ரிலீஸால பிரச்சினைன்னு சந்தேகம் வந்தா ரோல்பேக் பண்ணிப் பார்ப்போம். பண்ணின பிறகும் பிரச்சினை இருந்தா காரணம் அது இல்லை. டென்மார்க்ல 2019-ல 6,57,461 குழந்தைகளைப் பார்த்தாங்க. ஊசி போட்டவங்க, போடாதவங்க, வித்தியாசமே இல்லை.

பின்னே ஏன் ஊசிக்கு அப்புறம் வந்த மாதிரி தெரியுது? நம்ம அட்டவணையில எம்.ஆர். இரண்டாவது டோஸ் 16-லிருந்து 24 மாசத்துக்குள்ள. குழந்தை பேசலையே, கூப்பிட்டா திரும்பலையேன்னு வீட்ல கவனிக்கிறதும் அதே வயசுலதான்.

இதுல ஒரு கசப்பான விஷயம் இருக்கு. கர்ப்பத்துல தாய்க்கு ருபெல்லா வந்தா குழந்தைக்குக் கண் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். அமெரிக்காவுல ஸ்டெல்லா செஸ் 1971-ல அப்படிப் பிறந்த 243 குழந்தைகளை ஆராய்ஞ்சப்போ ஆட்டிசம் மத்த குழந்தைகளை விடப் பல மடங்கு அதிகமா இருந்துச்சு. அதாவது ஆட்டிசத்துக்குத் தெரிஞ்ச காரணங்கள்ல ஒண்ணைத் தடுக்கிற ஊசியையே, ஆட்டிசத்துக்குப் பயந்து வேண்டாம்னோம்.

எல்லிஸ் பொய் ஊசி போடச் சொன்னது, வேக்ஃபீல்டு பொய் போடாதேன்னது. ரெண்டுமே ஜனங்களுக்குப் படிப்பு மேல இருந்த நம்பிக்கையைச் செலவு பண்ணுச்சு. இரண்டாவது பொய்க்கு விலை கொடுக்கிறது யார்னா, ஆட்டிசம் இருக்கிற குழந்தையை வளர்க்கிற அம்மாக்கள். 'நான்தானே கூட்டிட்டுப் போய் ஊசி போட வச்சேன்'னு ராத்திரியில நினைக்கிறவங்க. இந்த எபிசோடை நீங்க ஒருத்தருக்கு அனுப்பணும்னா, வாட்ஸ்அப்ல சண்டை போடுற மாமாவுக்கு அனுப்பாதீங்க. அந்த அம்மாவுக்கு அனுப்புங்க. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலைன்னு யாராவது ஆதாரத்தோட சொல்ல வேண்டியிருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.