நீரிழிவுள்ள பெண்களின் உடலில் நுண்தாதுக்கள்

நாளொன்றுக்குச் சில மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் போதும், ஆனால் இல்லாமல் முடியாது என்னும் தாதுக்களை நுண்தாதுக்கள் என்கிறோம். துத்தநாகம், தாமிரம், இரும்பு, செலினியம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. நீரிழிவு வந்தவர்களின் ரத்தத்தில் இவற்றின் அளவு மாறக்கூடும். பெண்களின் அளவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நிற்பது என்று வாழ்வின் கட்டங்கள்தோறும் பெண்ணின் ரத்தத்தில் இரும்பும் தாமிரமும் துத்தநாகமும் ஏறி இறங்குகின்றன. நோயால் வந்த மாற்றம் எது, பருவத்தால் வந்த மாற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பதே இத்துறையின் கடினமான வேலை.

கதை துத்தநாகத்தில் தொடங்குகிறது. 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1926-இல் அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஏபெல் அதைப் படிகமாக்கினார். ஆனால் படிகம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. துத்தநாகம் சேர்த்தால் படிகம் எளிதில் உருவாகிறது என்பதை 1934-இல் டொராண்டோவின் டி. ஏ. ஸ்காட் காட்டினார். அவரும் ஃபிஷரும் 1938-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவால் பாதிக்கப்பட்டவர்களின் கணையத்தில் மற்றவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதித் துத்தநாகமே இருந்தது. டோரதி ஹாட்ஜ்கின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இன்சுலின் படிகத்தைவிட்டு விலகாமல் உழைத்து, 1969-இல் அதன் வடிவத்தை வெளிப்படுத்தினார். இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கூடியிருப்பது அதில் தெரிந்தது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சேமித்து வைப்பதும் இந்தத் துணையோடுதான்.

இதிலிருந்து, துத்தநாகம் குறைந்தால் நீரிழிவு வரும், கொடுத்தால் தீரும் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். பீட்டா செல்லின் இன்சுலின் பைகளுக்குள் துத்தநாகத்தை ஏற்றும் புரதத்தின் மரபணுவுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்புண்டு என்று 2007-இல் தெரிந்தபோது அந்த எண்ணம் வலுத்தது. 2014-இல் வந்த ஆய்வு நேர்மாறாக இருந்தது. அந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

அளப்பதும் எளிதாக இருக்கவில்லை. 1955-இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் அணு உறிஞ்சல் முறையை அறிமுகப்படுத்திய பிறகே இவ்வளவு நுண்ணிய அளவுகளைப் பரவலாகக் கணக்கிட முடிந்தது. கருவி சரியாக இருந்தாலும் ரத்தம் சேகரிக்கும் குழாய் ஏமாற்றிவிடும். குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் துத்தநாகமும் வெளியே கொட்டும். சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் அளவு இறங்கியிருக்கும். உடலிலுள்ள மொத்தத் துத்தநாகத்தில் ரத்த நீரில் ஓடுவதோ மிகச் சிறு பங்கு. நீரிழிவுள்ளவர்களின் சிறுநீரில் துத்தநாகம் கூடுதலாக வெளியேறுகிறது என்பது பலமுறை உறுதிப்பட்ட செய்தி. ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள ஓர் எண்ணை வைத்துக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

குரோமியத்தின் வரலாற்றில் ஒரு பெண் நிற்கிறார். ஈஸ்ட்டில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று இருப்பதாக 1950-களின் இறுதியில் ஷ்வார்ட்ஸும் மெர்ட்ஸும் எலிகளை வைத்துச் சொன்னார்கள். அது குரோமியம் என்றார்கள். 1977-இல் டொராண்டோவில் ஜீஜீபாயும் குழுவினரும் ஒரு பெண்ணின் நிலையைப் பதிவு செய்தார்கள். வாய் வழியே சாப்பிட முடியாத அவர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நரம்பு வழியே ஏற்றும் திரவத்திலேயே உயிர் வாழ்ந்தார். எடை குறைந்தது, கால்கள் மரத்துப்போயின, சர்க்கரை ஏறியது. தினம் 45 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. திரவத்தில் நாளுக்கு 250 மைக்ரோகிராம் குரோமியம் சேர்த்த இரண்டு வாரத்தில் சர்க்கரை அடங்கியது, இன்சுலின் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நிவாரணம் உண்மை. அதை வைத்து, இட்லியும் சோறும் கீரையும் சாப்பிடும் எல்லோருக்கும் குரோமியம் மாத்திரை வேண்டும் என்று விற்கத் தொடங்கியதுதான் பிசகு. குரோமியம் உடலுக்கு இன்றியமையாதது என்பதற்கே போதிய சான்று இல்லை என்று 2014-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தது. முந்தைய ரத்த அளவுகளில் பல, எஃகு ஊசியிலிருந்து ஒட்டி வந்த குரோமியத்தால் ஊதிப்போனவை என்பதும் தெரியவந்தது.

செலினியம் இன்னொரு எச்சரிக்கை. நாளுக்கு 200 மைக்ரோகிராம் மாத்திரையாகக் கொடுத்த அமெரிக்கச் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களிடையே நீரிழிவு அதிகமாக இருந்தது 2007-இல் வெளியானது.

பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டு நீண்ட காலம் பின்தொடர்ந்தது அமெரிக்கச் செவிலியர் ஆய்வு. அதில் 82,297 பெண்களை 1980 முதல் 2004 வரை கவனித்ததில், துத்தநாகம் அதிகம் உண்டவர்களுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய வித்தியாசம்தான். கர்ப்பிணிகளிடம் கணக்கு வேறு. ரத்த நீர் பெருகுவதால் துத்தநாகத்தின் அளவு இறங்கும். ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் கல்லீரல் தாமிரத்தைச் சுமக்கும் புரதத்தை அதிகம் சுரக்க, தாமிரம் ஏறத்தாழ இரு மடங்காகும். கர்ப்பகால நீரிழிவுள்ள பெண்ணின் அளவுகளை அதே மாதத்திலுள்ள இன்னொரு கர்ப்பிணியின் அளவோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு.

நம் பெண்களுக்கு மிக நெருக்கமானது இரும்பு. கூடுதல் இரும்பு உறுப்புகளில் படிந்து, தோல் கறுத்து, நீரிழிவும் வரும் நோயை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தனர்; 1889-இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் அதற்கு ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயரிட்டார். மாதாமாதம் ரத்தம் போவதால் பெண்களுக்கு இது பொதுவாக ஆண்களைவிடத் தாமதமாகவே வெளிப்படும். 2004-இல் செவிலியர் ஆய்விலிருந்தே வந்த இன்னொரு முடிவு, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகமுள்ள பெண்களுக்கு நீரிழிவு வாய்ப்பும் அதிகம் என்றது.

இந்தியாவில் நிலைமை மறுபக்கம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரும்பு குறைந்த பெண்ணின் சிவப்பணுக்கள் கூடுதல் நாள் சுற்றுவதால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி உள்ளதைவிட உயர்ந்து தெரியலாம். இரும்பு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், சர்க்கரையில் எந்த மாற்றமும் இல்லாமலே அந்த எண் இறங்கும். அதனால் ரத்தசோகையுள்ள பெண்ணுக்கு ஹெச்பிஏ1சி-யோடு ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிட்டே மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.