மாணவர் செயல் தொகுப்பு

மாணவர் செயல் தொகுப்பு என்பது, ஒரு பாடத்தில் மாணவர் செய்த வேலைகளிலிருந்து அவரே தேர்ந்தெடுத்து, தேர்வுக்கான காரணத்தையும் எழுதிச் சேர்க்கும் கோப்பு. ஆங்கில வழக்கில் போர்ட்ஃபோலியோ. ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் வேலை தேடிச் செல்கையில் கொண்டுபோகும் படைப்புக் கோப்பிலிருந்து இது கல்விக்கு வந்தது.

பெரிய அளவில் இதைச் சோதித்த இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம். 1990களின் தொடக்கத்தில் நான்காம், எட்டாம் வகுப்புகளின் கணிதத்துக்கும் எழுத்துக்கும் அங்கே தொகுப்பு மாநில மதிப்பீட்டின் பகுதியாயிற்று. எழுத்துத் தொகுப்பில் மாணவர் தம் சிறந்த படைப்பைக் குறித்து, ஏன் அதைத் தேர்ந்தார், எப்படி எழுதினார் என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். முறையின் உயிர்நாடி அந்தக் கடிதம்தான். அது இல்லாவிட்டால் தொகுப்பு வெறும் பழைய தாள்கட்டு. ஆனால் 1992இல் ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு, ஒரே தொகுப்புக்கு இரு ஆசிரியர்கள் தந்த மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. பள்ளிகளை ஒப்பிட அந்த மதிப்பெண்கள் உதவவில்லை.

தமிழ்நாட்டில் 2012-13இல் வந்த, கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரித்த முப்பருவ முறை, கற்கும்போதே நடத்தும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கிச் செயல்பாடுகளுக்கு இடம் தந்தது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டி நிரப்பிய கோப்புகளும் அதனுடன் வந்தன; அவற்றைத் தொகுப்பு என்பது பொருந்தாது.