வானூர்திகளின் மின்னல் காப்பு

வானூர்திகளின் மின்னல் காப்பு என்பது, மின்னல் தாக்கும்போது வானூர்தியின் உடல், எரிபொருள், மின்னணுக் கருவிகள், பயணிகள் ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் கேடு நேராமல் தடுக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். வானூர்தி நிலையங்களில் பணிபுரிவோரைக் காப்பதும் இதனுடன் தொடர்புடையதாகும். பயணிகள் வானூர்தி ஒன்றை மின்னல் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை தாக்குவதாகக் கணக்கிடப்படுகிறது. இத்தாக்குதல்களுள் பெரும்பாலானவை வானூர்தியாலேயே தூண்டப்படுபவை. மின்னேற்றம் பெற்ற முகிலினுள் வானூர்தி நுழையும்போது அதன் மூக்கு, இறக்கை நுனி, வால் போன்ற முனைகளில் மின்புலம் செறிவடைந்து, அங்கிருந்தே மின்னல் தொடங்குகிறது.

மின்னோட்டம் செல்லும் வழி

மின்னல் ஒரு முனையில் நுழைந்து மற்றொரு முனை வழியாக வெளியேறும். அலுமினியம் நல்ல மின்கடத்தி ஆதலால் மின்னோட்டம் உடலின் புறப்பரப்பிலேயே ஓடிவிடுகிறது. 1836 இல் மைக்கேல் பாரடே செய்துகாட்டிய உலோகக் கூண்டின் தத்துவம் இதுவே. உள்ளே இருப்போர் பேரொளியையும் பேரொலியையும் உணர்வரே அன்றி, பொதுவாகத் தீங்கு எதுவும் அடைவதில்லை.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் உடல் பெரும்பாலும் கரிம இழைக் கூட்டுப்பொருளால் ஆனது. இது அலுமினியத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. எனவே வண்ணப்பூச்சுக்குக் கீழே மெல்லிய உலோக வலை பதிக்கப்படுகிறது.

இறக்கையின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குச்சிகளை இடிதாங்கிகள் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. பறக்கும்போது சேரும் நிலைமின்னை வெளியேற்றி, வானொலித் தொடர்பில் இரைச்சல் எழாமல் தடுப்பதே அவற்றின் வேலை.

எல்க்டன் விபத்து

1963 டிசம்பர் 8 அன்று பால்ட்டிமோரில் இருந்து பிலடெல்பியா நோக்கிச் சென்ற பான் ஆம் 214 என்னும் போயிங் 707 வானூர்தி, தரையிறங்குவதற்காக வானில் வட்டமிட்டுக் காத்திருந்தபோது மின்னலால் தாக்கப்பட்டது. இடது இறக்கையின் எரிபொருள் கலனில் இருந்த ஆவி தீப்பற்றி வெடித்து, இறக்கையின் வெளிப்பகுதி சிதைந்தது. மேரிலாந்து மாநிலத்தின் எல்க்டன் அருகே வீழ்ந்த அவ்வானூர்தியில் இருந்த 81 பேரும் உயிரிழந்தனர்.

உலோக உடல் இருந்தும் கலனுக்குள் ஒரு தீப்பொறி போதும் என்பதை இவ்விபத்து உணர்த்தியது. இதன்பின், எரிபொருள் ஆவி மின்னலால் தீப்பற்றாதவாறு கலன்கள் அமைய வேண்டும் என்பது அமெரிக்க வானூர்தி வடிவமைப்பு விதிகளில் இடம்பெற்றது. கலன்மேல் உள்ள தகட்டின் தடிப்பு, மூடிகள், இணைப்பாணிகள், காற்றுப்போக்கிகள் என ஒவ்வொன்றும் இதற்காக ஆராயப்படுகின்றன. 200,000 ஆம்பியர் உச்ச மின்னோட்டத்தைக் கொண்டு சோதனைகள் நடத்தப்படுகின்றன.

பின்னர் மின்னணுக் கருவிகள் பெருகியதால், உடலில் ஓடும் மின்னோட்டம் உள்ளே உள்ள கம்பிகளில் தூண்டும் மின்னழுத்தமும் கவலைக்குரியதாயிற்று. இதை அளப்பதற்காக நாசா 1980களில் எஃப்-106பி வானூர்தி ஒன்றை வேண்டுமென்றே இடிமுகில்களுக்குள் செலுத்தியது. அதனை மின்னல் 714 முறை தாக்கியது.

வானூர்தி நிலையத்தில்

வானில் இருக்கும் பயணியைவிட, திறந்த தளத்தில் நின்று பணிபுரிபவரே மின்னலுக்கு எளிதில் இலக்காகிறார். குறிப்பாக, வானூர்தியுடன் கம்பியால் இணைக்கப்பட்ட காதணி ஒலிபேசியைப் பயன்படுத்துபவருக்கு, நிறுத்தப்பட்டுள்ள வானூர்தியை மின்னல் தாக்கினால் அக்கம்பி வழியே அதிர்ச்சி ஏற்படலாம். ஆகவே மின்னல் குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கியதும் எரிபொருள் நிரப்புதல், சுமை ஏற்றுதல் ஆகியன நிறுத்தப்பட்டு, பணியாளர்கள் கட்டடங்களுக்குள் அனுப்பப்படுகின்றனர். மழை குறைந்த பின்னரும் வானூர்திகள் புறப்படாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் இடிதாங்கிகள் பொருத்தப்படுகின்றன. ஓடுபாதை விளக்குகளுக்கான நிலத்தடிக் கம்பிகளுக்கு மேலே, புவித்தொடுப்புடைய வெறும் செப்புக் கம்பி புதைக்கப்படுவதுண்டு.